சும்மா குழாய்

அந்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை. வாசல் காவலாளி முதல் தலைமை டாக்டரம்மா வரை எல்லோருக்கும் அவள் பூதக்கண்ணாடிதான். பதினாறு வருஷமாக மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்து, காட்டிலிருந்து வரும் மணல் ஈக்களை ஆண் வேறு பெண் வேறு என்று பிரித்துக்கொண்டிருப்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? வைத்தது வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரர்தான். அதே கூடத்தின் ஜீப் டிரைவர். காட்டுக்குள் போய் விளக்குப் பொறிகளைக் கட்டி, விழுந்த ஈக்களை ஐஸில் போட்டுக் கொண்டுவருவதும் அவர் வேலை. "என் சட்டைல கறை இருக்கான்னுகூட இவ பூதக்கண்ணாடி வச்சுத்தான் பாப்பா" என்று கல்யாணமான புதிதில் ஒரு நாள் சொல்லிவைத்தார். ஒட்டிக்கொண்டது.

மணல் ஈ என்றதும் சாப்பாட்டில் மொய்க்கும் ஈயை நினைத்துவிடாதீர்கள். கொசுவின் பக்கத்தில் வைத்தால் கொசு பெரிய மனுஷன் மாதிரி தெரியும், அவ்வளவு பொடி. கொசுவலையின் கண்ணுக்குள்ளேயே புகுந்து வரும். கொசுவாவது பாட்டுப் பாடி அறிவித்துவிட்டுக் கடிக்கும். இது சொல்லாமல் கொள்ளாமல் காரியத்தை முடித்துவிடும். அதிலும் கடிப்பது பெண் மட்டும்தான், முட்டை வளர்வதற்கு அதற்கு ரத்தம் வேண்டும். ஆண் ஈ செடியின் சாற்றைக் குடித்துக்கொண்டு, தான் உண்டு தன் வேலை உண்டு என்று திரியும்.

"நம்ம வீடு மாதிரியே" என்பார் வீட்டுக்காரர்.

அப்படிச் சொன்ன வாய் இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒன்பது நாளாகப் பேசாமல் கிடக்கிறது. காட்டிலிருந்து திரும்பி ஒரு வாரத்தில் காய்ச்சல். பிறகு மண்டையைப் பிளக்கும் தலைவலி. பிறகு வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கூசிற்று, கழுத்து கட்டை மாதிரி விறைத்தது, கூப்பிட்டால் 'ம்' என்பதோடு சரி. வழக்கமான காய்ச்சல்களையெல்லாம் சோதித்தாகிவிட்டது, ஒன்றும் இல்லை. மூளையைச் சுற்றியிருக்கும் சவ்வில் வீக்கம் என்று மட்டும் தெரிந்தது. வீக்கம் எதனால் என்று தெரியவில்லை.

"மூளைக் காசநோயா இருக்கலாம்மா. வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள வேற காரணம் தெரியலன்னா அதுக்கான மருந்தை ஆரம்பிச்சுருவேன்" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "ஆனா அவர் ஈரல் ஏற்கனவே கெட்டுக் கிடக்கு. இந்த மருந்து அதைத் தாக்கும். தாங்குவாரான்னு என்னால சொல்ல முடியல."

முதுகுத்தண்டிலிருந்து ஒரு முறை எடுத்த நீரில் ஒரு துளிதான் மிச்சம். மண்டைக்குள் அழுத்தம் ஏறிவிட்டதால் மறுபடி எடுக்க முடியாது. அந்தத் துளி ஒரே ஒரு சோதனைக்குத்தான் காணும். மணல் ஈ பரப்பும் வைரஸ்களில் நான்கு குடும்பங்களைத் தேட டாக்டரம்மாவிடம் நான்கு சோதனைகள் இருந்தன. எதற்கு அந்தத் துளியைச் செலவழிப்பது? அவர் கூடாரம் போட்டுப் படுத்திருந்த காட்டின் ஈக்களைத்தான் கேட்க வேண்டும். ஈக்குள் எந்த வைரஸ் இருக்கிறதோ, அதையே அந்தத் துளியிலும் தேடலாம்.

ஆக, பூதக்கண்ணாடி பிரித்து வைத்த ஈக்கள்தான் அவள் வீட்டுக்காரருக்குச் சாட்சி சொல்ல வேண்டும். இப்படியொரு நிலைமை எதிரிக்கும் வரக் கூடாது.

புதன்கிழமை காலை முடிவு வந்தது. கணினித் திரையின் முன்னால் டாக்டரம்மா உட்கார்ந்திருக்க, அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெண் ஈக்களைக் கூழாக்கி ஊற்றிய குழாய்கள் பதினொன்று. பதினொன்றிலும் ஒன்றுமில்லை. பன்னிரண்டாவது குழாயில், மூன்றாவது குடும்பத்துக்கான சோதனையில், கோடு ஜிவ்வென்று மேலே ஏறியிருந்தது.

"கடவுளே, கிடைச்சிருச்சா?" என்றாள்.

டாக்டரம்மா திரையில் குழாயின் நம்பரைத் தொட்டுக் காட்டினார். பன்னிரண்டாவது, சும்மா குழாய்.

சும்மா குழாய் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஆண் ஈ ரத்தம் குடிக்காது, அதனால் அதற்குள் வைரஸ் இருக்காது என்பது அந்தக் கூடத்துக் கணக்கு. ஆண்களையெல்லாம் தூக்கிப்போட்டுவிடுவார்கள். ஒரே ஒரு குழாய் மட்டும் ஆண்களைப் போட்டு, சோதனை சுத்தமாக நடக்கிறதா என்று பார்க்கப் பக்கத்தில் வைப்பார்கள். மற்ற கூடங்களில் இதற்கு வெறும் தண்ணீரை வைப்பார்கள். டாக்டரம்மாவுக்கு இது பழக்கம். தண்ணீரில் பூச்சியின் சாறு இல்லையே, பூச்சியோடு பூச்சியைத்தான் ஒப்பிட வேண்டும் என்பார். சும்மா குழாய் சும்மா இருந்தால் எல்லாம் நலம். சும்மா இருக்க வேண்டியது கத்தினால், சோதனைக்கு ஊற்றும் மருந்திலோ கையிலோ அழுக்குப் பட்டுவிட்டது என்று அர்த்தம்.

"மொத்தமும் வீண்" என்றார் டாக்டரம்மா. "இந்தச் சோதனை மருந்தை நம்பி அவர் துளியைப் போட்டா, நோய் இல்லாட்டியும் இருக்குன்னுதான் காட்டும். அதை நம்பி டாக்டர் காசநோய் மருந்தைக் குடுக்காம விட்டுட்டா? நிஜமாவே காசநோயா இருந்தா?"

அந்தச் சும்மா குழாயை நிரப்பியது பூதக்கண்ணாடிதான். ஏழாம் நம்பர் பொறியின் ஈக்கள். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, நேராக வந்து, கண்ணீர் மைக்ராஸ்கோப்பில் சொட்டச் சொட்டப் பிரித்தவை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அன்றைக்குச் சறுக்கிவிட்டதா? ஆண்களோடு ஒரு பெண்ணையும் சேர்த்துப் போட்டுவிட்டாளா?

"என் தப்புதான் டாக்டரம்மா. அன்னைக்கு எனக்குக் கண்ணே தெரியல."

"உன்னை யாரு இப்பக் குத்தம் சொன்னது? போ, போய் அவர்கூட இரு. போற வழியில அந்தக் குழாயை அழிக்கச் சொல்லி ஒரு சீட்டு குடுத்துட்டுப் போ."

சீட்டு என்றால் குளிர்பெட்டி அறைக்குத்தான். அங்கே ஒருவர் இருந்தார். ஓய்வு பெற இரண்டு வருஷம், மூக்கு நுனியில் கண்ணாடி, எந்த வெயிலிலும் கம்பளிச் சட்டை. குழாய் உள்ளே வர ஒரு சீட்டு, வெளியே போக ஒரு சீட்டு, அழிக்க ஒரு சீட்டு. மூன்றிலும் கையெழுத்தும் தேதியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அப்பனே வந்து நின்றாலும் அசைய மாட்டார். எல்லோரும் அவரைச் சட்டாம்பிள்ளை என்றார்கள், முதுகுக்குப் பின்னால்தான். ஒரு தடவை பூதக்கண்ணாடி பஸ் ஏறப் போனவளைப் பாதி வழியில் கூப்பிட்டு, ஒரு தேதிக்காகத் திரும்பி வரவைத்தார். பஸ் போய்விட்டது. அன்றிலிருந்து ஆறு வருஷமாக இருவருக்கும் பேச்சு, வேலைக்கு வேண்டிய அளவோடு சரி. "அந்த ஆளு செத்தாக்கூட எமன்கிட்ட சீட்டு கேப்பாரு" என்று வீட்டில் வைவாள்.

அன்றைக்கு அவர் இருக்கையில் இல்லை. சீட்டை எழுதி மேஜையில் எறிந்துவிட்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் நாத்தனார் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். சாதாரணமாக இந்த இருவரும் ஒரு வாளித் தண்ணீருக்கும் வாக்குவாதம் பண்ணுகிறவர்கள். ஆனால் அண்ணனைச் சேர்த்த நாளிலிருந்து நாத்தனார் பகலெல்லாம் நகரவில்லை.

"சாப்பிட்டியா அண்ணி?"

"பசிக்கல."

"பசிக்கலன்னா விட்டுருவேனா? இந்தா, ரொட்டி. தின்னு. நீயும் படுத்தா நான் ரெண்டு கட்டிலுக்கு நடுவுல ஓட முடியாது."

பூதக்கண்ணாடி தின்றாள். இத்தனை வருஷம் இவளோடு மல்லுக்கட்டியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் நம் வீடுகளில் நன்றியும் மன்னிப்பும் யார் வாயிலிருந்து வருகிறது? அதெல்லாம் மேடைக்கும் கடிதத்துக்கும் ஆன சொற்கள். "தண்ணி குடு" என்றாள். நாத்தனாருக்குப் புரிந்தது.

வீட்டுக்காரர் கண்ணைத் திறக்காமலே அவள் கையைத் தடவினார். விரல்களை ஒவ்வொன்றாக எண்ணுகிற மாதிரி. "ஏழு..." என்றார்.

"என்னங்க? என்ன ஏழு?"

"ஏழாம் பொறி... என் கூடாரத்துக்குப் பக்கத்துல... மரப்பொந்து வாசல்ல கட்டுனேன். பூரா ஆம்பளைங்கதான்... பாத்தியா?" உதடு கொஞ்சம் கோணிற்று. அவர் சிரிக்கும்போது அப்படித்தான் கோணும். பிறகு மறுபடி மயக்கம்.

இந்த நிலைமையிலும் வேலைப் பேச்சு! அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஆனால் அந்த வார்த்தை மண்டையில் குடைந்துகொண்டே இருந்தது. பூராவும் ஆண். அவளும் அப்படித்தானே பிரித்தாள்? அப்படியென்றால் பெண் எங்கிருந்து கலந்திருக்கும்? சட்டென்று நினைவு வந்தது. வால்!

ஒவ்வொரு ஈயையும் குழாயில் போடுமுன், தலையையும் வால் நுனியையும் ஊசியால் கிள்ளிக் கண்ணாடிச் சில்லில் பிசின் போட்டு ஒட்டிவைப்பாள். ஈ எந்த வகை என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும். ஆண் ஈக்கு வாலில் இடுக்கி மாதிரி ஒன்று இருக்கும், பெண்ணுக்கு இராது. சும்மா குழாய்க்கு இதெல்லாம் தேவையே இல்லை. அவள் மட்டும் அதற்கும் ஒட்டுவாள். "குப்பைக்குப் போறதுக்குப் பொட்டு வச்சு அனுப்புறா" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். போகட்டும். பிசின் காய்ந்து அந்தச் சில்லுகள் தெளிந்து, இப்போது பார்க்கிற பதத்தில் இருக்கும்.

வியாழக்கிழமை காலை கூடத்தின் கதவைத் திறந்ததே அவள்தான். விளக்கைப் போட்டு, சில்லுகளை எடுத்து வைத்துக் குனிந்தாள். ஒன்று, இடுக்கி. இரண்டு, இடுக்கி. பத்தாவதில் நிறுத்தி மூச்சு விட்டாள். இருபத்தைந்து சில்லு, இருபத்தைந்திலும் இடுக்கி. சந்தேகத்துக்குத் தலைகளையும் பார்த்தாள். எல்லாம் ஒரே வகை, எல்லாம் ஆண்.

டாக்டரம்மா உள்ளே நுழைந்து கைப்பையைக்கூட வைக்கவில்லை, அவரை இழுத்துக்கொண்டுவந்து உட்காரவைத்தாள்.

"பாருங்க. நான் எதையும் கலக்கல."

டாக்டரம்மா பார்த்தார். ஒவ்வொன்றாக, நிதானமாக. "சரி. எல்லாம் ஆண்தான். ஆனா ஆண் கடிக்காதே. கடிக்காத பூச்சிக்குள்ள வைரஸ் எப்படிப் போகும்? மருந்துதான் அழுக்காயிருக்கணும்."

"மருந்து அழுக்குன்னா மத்த பதினொண்ணுலயும் காட்டியிருக்கணுமே டாக்டரம்மா? இதுல மட்டும் எப்படி?"

"அப்ப நீயே சொல்லு, எங்கேயிருந்து வந்துச்சு?"

பூதக்கண்ணாடிக்குப் பெரிய படிப்பெல்லாம் கிடையாது. ஆனால் பதினாறு வருஷம் ஈயோடு குடும்பம் நடத்தியவள். "அவங்க அம்மாகிட்டேருந்து வந்திருக்கலாம்ல?" என்றாள். "அம்மா கடிச்சிருப்பா. முட்டைக்குள்ள குடுத்திருப்பா. பொந்துக்குள்ளேயே பிறந்து, பொந்து வாசல்லயே பொறியில விழுந்துருச்சுங்க. இதே பொந்துலதான் இதுங்களோட அக்கா தங்கச்சிங்களும் இருந்திருக்கும். அதுங்க பொறிக்கு வரல, பக்கத்துல படுத்திருந்த ஆளுகிட்டப் போயிருச்சுங்க."

டாக்டரம்மா தன் நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டார். "படிச்சிருக்கேனே! தாய்கிட்டேருந்து முட்டை வழியா இறங்கும்னு படிச்சிருக்கேனே! படிச்சதை அலமாரியில வச்சுட்டு, பழக்கத்தை மேஜையில வச்சிருந்திருக்கேன். தப்பு உன்னுது இல்லம்மா, என்னுது. பக்கத்துல வெறும் தண்ணியை வச்சிருந்தா நேத்தே தெரிஞ்சிருக்கும்."

இத்தனை பெரிய படிப்பு படித்தவர், ஒரு ஈ பிரிக்கிறவளிடம் தப்பு என்னுடையது என்று சொன்னார் பாருங்கள், அதற்கே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். எத்தனை இடத்தில் இது நடக்கும்?

"புது மருந்துப் பெட்டியைப் பிரி. பக்கத்துல தண்ணி வைப்போம். அந்தக் குழாயை மறுபடி சோதிப்போம். தண்ணி சும்மா இருந்து குழாய் கத்துச்சுன்னா, விஷயம் நிஜம். உடனே அவர் துளியைப் போட்டுரலாம்." டாக்டரம்மா பரபரவென்று கையுறையை மாட்டினவர் பாதியில் நின்றார். "அந்தக் குழாயை... நேத்தே அழிக்கச் சொன்னோமே."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. அழிக்கச் சொல்லி வந்ததையெல்லாம் மாலை நாலு மணிக்கு நீராவியில் வேகவைத்துக் கொட்டிவிடுவார்கள். பூதக்கண்ணாடிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எப்படிக் குளிர்பெட்டி அறைக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"அண்ணே! நேத்து ஒரு சீட்டு வச்சேனே, அந்தக் குழாய்..."

சட்டாம்பிள்ளை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வாங்கம்மா. உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருக்கேன்." மேஜை இழுப்பறையைத் திறந்து சீட்டை எடுத்தார். அவளுடைய கிறுக்கல்தான். "இது என்னம்மா இது? குழாய் நம்பர் இருக்கு, காரணம் இருக்கு. கையெழுத்து எங்க? இருபத்தெட்டு வருஷமா சொல்றேன், ஒருத்தரும் கேக்கறதில்ல. கையெழுத்து இல்லாத சீட்டுக்கு நான் எப்படி ஒரு குழாயை அழிக்க முடியும்? நாளைக்கு யாராவது கேட்டா..."

"அழிச்சீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்கண்ணே!"

"எப்படி அழிப்பேன்? கையெழுத்து இல்லையேம்மா!" கோபமாக எழுந்து, குளிர்பெட்டியைத் திறந்து, புகையாக வந்த குளிருக்குள் கையை விட்டு எடுத்தார். குழாயின் மேல் ஒரு சின்னக் காகிதம் ஒட்டியிருந்தது. 'கையெழுத்து இல்லை. நிறுத்திவைக்கப்பட்டது.'

பூதக்கண்ணாடி அந்தக் குளிர்பெட்டி மேலேயே சாய்ந்து ஓவென்று அழுதாள். சட்டாம்பிள்ளை பயந்துபோனார். "அட, எதுக்கு அழறீங்க? ஒரு கையெழுத்துதானே, இப்பப் போட்டாலும் ஏத்துக்குவேன்" என்றார். போன உயிர் திரும்பி வந்திருந்தவளிடம் அந்த மனிதர் கையெழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மதியத்துக்குள் சோதனை முடிந்தது. தண்ணீர் சும்மா இருந்தது. சும்மா குழாய் கத்தியது. உடனே அந்த ஒற்றைத் துளியை டாக்டரம்மா தன் கையாலேயே ஊற்றினார், வேறு யாரையும் தொட விடவில்லை. இரண்டரை மணி நேரம். பூதக்கண்ணாடி திரையைப் பார்க்க மாட்டேன் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எதிர்ச் சுவரில் எத்தனை விரிசல் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லுவாள்.

"திரும்பிப் பாரு" என்றார் டாக்டரம்மா.

பார்த்தாள். அதே மூன்றாவது குடும்பம். அதே மாதிரி ஏறிய கோடு. பக்கத்தில் தண்ணீரின் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

ஆஸ்பத்திரி டாக்டர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். "காசநோய் மருந்து வேண்டாம்" என்றார். "இந்த வகைக் காய்ச்சல் பெரும்பாலும் தானா இறங்கும். அதுவரைக்கும் அழுத்தத்தைக் குறைச்சுப் பத்திரமாப் பாத்துக்கணும், அவ்வளவுதான். நல்ல வேளைம்மா. நாளைக்கு ஆரம்பிச்சிருந்தா அந்த ஈரலுக்கு..." முடிக்கவில்லை. முடிக்காததற்கும் அவள் மனசுக்குள் அவரை வாழ்த்தினாள்.

அதிலிருந்து ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. எட்டாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். முழு நினைவு வந்ததும் நடந்ததையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"ஆக, ஆம்பளை ஈதான் என்னைக் காப்பாத்தியிருக்கு."

"ஆமா. கடிச்சது அவங்க அக்கா."

"நான்தான் சொன்னேனே, நம்ம வீடு மாதிரியேன்னு." உதடு கோணிற்று. நாத்தனார் "இதுக்குத்தானா பகலெல்லாம் உக்காந்து உனக்கு விசிறிவிட்டேன்?" என்று அண்ணன் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைக்கப் போய், ஆஸ்பத்திரி என்று நினைவு வந்து கையை மடக்கிக்கொண்டாள். மூவரும் சிரித்தார்கள், சிரித்ததில் பக்கத்துக் கட்டில்காரரும் சேர்ந்துகொண்டார்.

பன்னிரண்டாம் நாள் அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, பிற்பகல் அவள் கூடத்துக்கு வந்தாள். நேராகக் குளிர்பெட்டி அறை. வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். நன்றி என்று சொன்னால் நாடகத்து வசனம் மாதிரி இருக்கும். காலில் விழுந்தால் மனுஷன் அலறிவிடுவார். ஆறு வருஷம் வைததையெல்லாம் எந்த வாயால் திரும்ப எடுப்பது?

அவள் வாயைத் திறக்குமுன் சட்டாம்பிள்ளை ஒரு சீட்டை நீட்டினார். "அந்தக் குழாய் இன்னும் கணக்குல தொங்குதும்மா. அழிக்கவும் இல்ல, வைக்கவும் இல்ல. டாக்டரம்மா நிரந்தரமா வச்சுக்கச் சொல்லிட்டாங்க. குடுத்தவங்க நீங்க, நீங்கதான் எழுதணும். இதோ இந்தக் கட்டம், வைத்திருக்கக் காரணம்."

அவள் நின்றபடியே பேனாவை வாங்கி, மேஜையில் குனிந்து எழுதினாள். 'என் வீட்டுக்காரர் இன்று வீட்டுக்கு வந்துவிட்டார்.'

சட்டாம்பிள்ளை படித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கம்பளிச் சட்டையில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"காரணம் சரியாத்தாம்மா இருக்கு" என்றார். "தேதி?"

அவள் தேதியைப் போட்டாள். அவர் கேட்பதற்கு முன்னால், கீழே தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.